செய்யுள் ஒப்புவித்தல்: வெளிமாநிலத் தமிழ் மாணாக்கருக்கான போட்டிகள்



பொங்கலை அடுத்து வரும் திருவள்ளுவர் நாளிலும், பாரதியார் பிறந்த டிசம்பர் 11-ஆம் நாளை ஒட்டியும், தமிழகத்திற்கு வெளியே தமிழர் கூடி வாழும் நகரங்கள் பலவற்றில் உயர்நிலைப் பள்ளி மாணாக்கருக்குச் செய்யுள் ஒப்புவிக்கும் போட்டிகள் நடைபெறுகின்றன. தமிழ்ச் சங்கக் கூடத்தில் நாற்காலிகள் நிரம்புகின்றன. பெற்றோர் முன்வரிசையில் அமர்கின்றனர். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடை ஏறி, சொல்லி, இறங்குகின்றனர். பரிசு வழங்கப்பெற்றபின் அனைவரும் சிற்றுண்டி அருந்தி வீடு திரும்புகின்றனர். இப்போட்டிகளால் பிள்ளைகள் பெறுவது யாது, பெறவேண்டுவது யாது என்னும் வினாவை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகின்றேன்.

தமிழ்நாட்டில் வாழும் மாணவனுக்கு இத்தகைய போட்டி பலவற்றுள் ஒன்று. தெருவிலும் கடையிலும் பேருந்திலும் அவன் செவியில் தமிழ் விழுந்துகொண்டே இருக்கிறது. வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளையின் நிலை அதுவன்று. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளிலோ, மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளிலோ, பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்ப் பள்ளிகளிலோ பயிலும் வாய்ப்புப் பெற்றவர்கள் நற்பேறு உடையோர். மற்றையோருக்குத் தமிழ் என்பது சமையலறையில் தாயோடு பேசும் சில தொடர்களும், தொலைபேசியில் பாட்டியிடம் சொல்லும் நலவிசாரிப்பும் என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆண்டு முழுவதிலும் அப்பிள்ளை பலர் முன்னிலையில், உரத்த குரலில், செம்மையான தமிழை நாவில் ஏற்றும் நாள் இப்போட்டி நாள் ஒன்றேயாக இருக்கவும் கூடும். ஆதலின் இங்கு நாம் நடத்தும் போட்டி, தாயகத்தில் நடக்கும் போட்டியைக் காட்டிலும் கூடுதலான பொறுப்பைச் சுமக்கின்றது.

ஒப்புவித்தல் என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். ஒருவர் நம்மிடம் தந்த பொருளைக் குறைவின்றி உரியவரிடம் சேர்ப்பித்தலே ஒப்புவித்தல். ஆசிரியரிடமிருந்து பெற்ற செய்யுளை மாணாக்கன் திருப்பிக் கையளிக்கின்றான். கையளிப்பவன் தன் கையில் இருப்பது இன்னதென்று அறிந்திருக்க வேண்டாவா? மூடிய பெட்டியைச் சுமந்து சென்று சேர்ப்பிப்பவன் சுமைகூலியே ஆவான்.

மனப்பாடம் நம் கல்வி மரபில் ஆழ வேரூன்றியது. திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் நிகண்டும் வாய்ப்பாடமாகவே கற்பிக்கப்பட்டன. மாலை வேளையில் சட்டாம்பிள்ளை முன்னின்று சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலாகத் திருப்பிச் சொல்லும் வழக்கத்திற்கு முறைசொல்லுதல் என்று பெயர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில், தாம் இளமையில் கற்ற முறைகளை விரிவாக எழுதி வைத்துள்ளார். அச்சுப் புத்தகம் அருகியிருந்த அக்காலத்தில் நினைவே நூலகமாக விளங்கியது. ஆயினும் மனப்பாடம் கல்வியின் வாயிலாகக் கருதப்பட்டதேயன்றி, முடிவாகக் கருதப்படவில்லை. 1907-ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களில் ஒரே வேளையில் கவனம் செலுத்திச் சதாவதானம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலரின் நினைவாற்றல் வியக்கத்தக்கது. அந்நினைவாற்றல், கேட்டவர் விரும்பிய வண்ணம் அப்பொழுதே புதுச் செய்யுள் இயற்றும் புலமையோடு கூடியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. எட்டயபுரம் அவையில் சிறுவன் சுப்பிரமணியன் ‘பாரதி’ என்னும் பட்டம் பெற்றதும் மனப்பாடத்தின் பொருட்டன்று. புலவர் முன்னிலையில் காட்டிய கவித்திறத்தின் பொருட்டே. அப்பாரதியே பின்னர்க் காசியில் தங்கிப் பயின்ற வெளிமாநில மாணவன் என்பது நமக்கு ஊக்கம் தரும் செய்தி.

இன்றைய போட்டிகளில் நிகழ்வது என்ன? வடமாநில நகரம் ஒன்றில் நடந்த போட்டிக்கு நடுவர் மூவருள் ஒருவனாகச் சென்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒழுக்கமுடைமை அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களையும் ஏறத்தாழ ஒரே மூச்சில், ஓரெழுத்தும் பிசகாமல் சொல்லி முடித்தான். கைதட்டல் ஓய்ந்ததும், “தம்பி, ஒழுக்கமுடைமை என்றால் என்ன?” என்று கேட்டேன். அவன் தன் தாயின் முகத்தைப் பார்த்தான். அடுத்து வந்த மாணவி பாரதியார் பாடல் ஒன்றைச் சொன்னாள். இடையில் ஒரு சொல் நினைவுக்கு வரவில்லை. கணநேரம் நின்றாள், அச்சொல்லுக்குரிய பொருள் தரும் வேறொரு சொல்லைத் தானே இட்டாள், உடனே அது கவிஞரின் சொல் அன்று என உணர்ந்து, உரிய சொல்லை மீட்டெடுத்துப் பாடலைத் தொடர்ந்தாள். போட்டி விதிப்படி பிழையின்றிச் சொன்னவனுக்கே முதற்பரிசு சென்றது. அம்மாணவன் மீது குறை கூற இடமில்லை; விதி கேட்டதை அவன் குறைவறச் செய்தான். மறந்த சொல்லைப் பொருளின் துணைகொண்டு தேடிப் பிடிக்கும் ஆற்றலுக்கு அவ்விதியில் மதிப்பெண் இல்லை. நாம் எதற்கு மதிப்பெண் தருகின்றோமோ அதையே பிள்ளைகள் பயில்வார்கள்.

வெளிமாநிலப் பிள்ளைகளுக்கே உரிய மற்றோர் இடரும் உண்டு. தமிழ் எழுத்து அறியாத பிள்ளைக்குப் பெற்றோர் பாடலை இந்தி எழுத்திலோ, ஆங்கில எழுத்திலோ எழுதித் தருகின்றனர். அன்பினால் செய்யும் உதவிதான். ஆயினும் அதனால் விளையும் கேட்டினை அறிந்திருத்தல் நலம். வழக்கமான இந்தி எழுத்தில் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் இடையே குறில் நெடில் வேறுபாடு இல்லை. வங்க எழுத்திலும் அவ்வாறே. எனவே ‘கொடு’ என்பதைப் பிள்ளை ‘கோடு’ என்று படிக்கிறது. ‘எடு’ என்பது ‘ஏடு’ ஆகிறது. ‘பெறு’ என்பது ‘பேறு’ ஆகிறது. பொருள் மாறுவது ஒருபுறமிருக்க, யாப்பும் உடைகிறது. ‘கொடு’ என்பது நிரையசை ஒன்று. ‘கோடு’ என்பது நேரசை இரண்டு. அசை மாறினால் சீர் மாறும்; சீர் மாறினால் தளை கெடும்; தளை கெட்டால் வெண்பாவின் ஓசை வெண்பாவாக நிற்பதில்லை.

ஆங்கில எழுத்தின் குறை வேறு வகையினது. ல, ள, ழ என்னும் மூன்றும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. ரகரமும் றகரமும் பிரிவதில்லை. ‘வலி’, ‘வளி’, ‘வழி’ ஆகியன நோவும் காற்றும் பாதையுமாக வேறுபடுபவை. ‘அறம்’ என்று முழங்கவேண்டிய பிள்ளை ‘அரம்’ என்று முழங்கினால், அது கொல்லன் பட்டறையில் இரும்பை அராவும் கருவியன்றோ? கன்னட, தெலுங்கு எழுத்துகள் குறில் நெடிலைக் காட்டினும், ழகரத்திற்கு இன்றைய வழக்கில் அவற்றில் எழுத்து இல்லை. இவ்வகையில் மலையாள எழுத்துப் பயின்ற பிள்ளைக்கு வாய்ப்பு மிகுதி. இவ்வேறுபாடுகள் பலவற்றையும் அவ்வெழுத்து காத்து நிற்கிறது.

இதற்கு மருந்து இரண்டு. தமிழ் எழுத்தைக் கற்பித்தல் முதலாவது. உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளை ஆர்வத்தோடு முயன்றால் சில வாரங்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையை எய்திவிடலாம். இரண்டாவது, அதுவரையில் கண்ணைவிடச் செவியை நம்புதல். நன்கு தமிழ் அறிந்த ஒருவர் பாடலை நிறுத்தி நிதானமாகச் சொல்லிப் பதிவு செய்து தந்தால், பிள்ளை அதைப் பலமுறை கேட்டுப் பழகலாம். கைப்பேசி இல்லாத வீடு அரிதாகிவிட்ட இந்நாளில் இது எளிய செயலே. நம் முன்னோர் செவிவழிக் கல்வியைப் போற்றியதன் காரணமும் இதுவே.

அடுத்து ஓசையைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று யாப்பிலக்கணம் வகுத்துரைக்கிறது. செப்பல் என்பது ஒருவர் மற்றொருவருக்கு விடை கூறுவது போன்ற நடை. ஆதலின் ஏழு சீர்களால் ஆகிய குறளை, எதிரில் இருப்பவருக்கு ஓர் உண்மையை எடுத்துச் சொல்வது போல நிறுத்திச் சொல்லுதலே அதற்கு இயல்பு. பந்தயக் குதிரை போல ஓட்டினால் அவ்வோசை அழிகிறது. இவ்வாறே, இனிய குரலுடைய பிள்ளைகள் செய்யுளை முழு இசைப்பாட்டாகவே பாடிவிடுவதும் உண்டு. இசையில் நீளும் குறில் நெடிலாகக் கேட்கும். சொல் நடுவே மூச்சு அறுபடும். கேட்போர் இராகத்தைச் சுவைப்பர், பாட்டின் கருத்தைத் தவறவிடுவர். இசைப்போட்டிக்கு வேறு மேடை உண்டு. செய்யுளில் ஓசை சொல்லுக்கு ஏவல் செய்ய வேண்டும்.

நாம் குடியேறி வாழும் மாநிலங்களின் மக்கள் இத்துறையில் என்ன செய்கின்றனர் என்பதும் நோக்கத்தக்கது. கொல்கத்தாவில் வாழும் தமிழர்கள், வைசாக மாதம் 25-ஆம் நாள் இரவீந்திரநாதர் பிறந்த விழாவில் பள்ளிப் பிள்ளைகள் அவர்தம் கவிதைகளை மேடையில் சொல்வதைக் கண்டிருப்பீர்கள். கவிதை சொல்லுதலை ‘ஆவிருத்தி’ என்னும் பெயரால் வங்காளிகள் தனிக்கலையாகவே வளர்த்துள்ளனர். கவிஞர் நசுருல் இசுலாமின் மகன் காசி சப்யசாசி ஆவிருத்திக் கலைஞராகவே புகழ்பெற்றவர். அக்கலையில் சொல்லின் பொருளே குரலின் ஏற்ற இறக்கத்தை ஆள்கிறது.

கேரளத்தில் வாழும் தமிழருக்கு இன்னும் நெருக்கமான சான்று உண்டு. 1957 சனவரியில் எர்ணாகுளத்தில் தொடங்கிய பள்ளிக் கலைவிழா, இன்று ‘கலோத்சவம்’ என்னும் பெயரால் பேருருவம் பெற்றுள்ளது. அதன் நிகழ்ச்சி நிரலில் ‘பத்யம் சொல்லல்’ என்னும் செய்யுள் ஒப்புவித்தல் மலையாளத்தோடு பிற மொழிகளிலும் நடைபெறுகிறது. தமிழும் கன்னடமும் அவற்றுள் அடங்கும். வேறொரு மாநிலத்தின் அரசுப் பள்ளிவிழாவில் தமிழ்ச் செய்யுளுக்கும் மேடை இருப்பது நாம் நன்றியோடு எண்ணத்தக்கது. ஆயினும் அவ்விழாவிலிருந்து எச்சரிக்கை ஒன்றையும் நாம் பெறலாம். 2025 சனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில் திருச்சூர் மாவட்டம் 1008 புள்ளிகளும், பாலக்காடு மாவட்டம் 1007 புள்ளிகளும் பெற்றன. ஒரே ஒரு புள்ளி தங்கக் கோப்பையின் இருப்பிடத்தை முடிவு செய்தது. இத்தகைய நெருக்கத்தில் பிள்ளையின் பாட்டு புள்ளிக் கணக்காக மட்டும் எண்ணப்படும் இடர் எழுதல் இயல்பு. சிறந்த மாணவருக்குக் ‘கலாபிரதிபா’, சிறந்த மாணவிக்குக் ‘கலாதிலகம்’ என 1986 முதல் வழங்கப்பட்ட தனிப்பட்டங்கள் பின்னர்க் கைவிடப்பட்டன. போட்டியாளர்களுக்குத் தரநிலை வழங்கும் முறை நிலைபெற்றது. ஒருவனை வெல்வதினும் ஒரு தரத்தை எட்டுவதே இளையோர்க்கு ஏற்ற குறிக்கோள் என்பது இதனால் பெறப்படும்.

கடல் கடந்த நாடொன்றின் முறையையும் இங்குக் குறிப்பிடலாம். அமெரிக்காவில் 2005-06 கல்வியாண்டில், அந்நாட்டுத் தேசியக் கலை நிதியமும் கவிதை அறக்கட்டளையும் சேர்ந்து ‘போயட்ரி அவுட் லவுட்’ என்னும் பெயரில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வோர்க்கு நாடளாவிய போட்டியைத் தொடங்கின. வகுப்பறையில் தொடங்கி, பள்ளி, மாநிலம் என உயர்ந்து தேசிய நிலையை எட்டும் அமைப்பு அது. மேல்நிலைப் போட்டிக்கு ஒவ்வொருவரும் மூன்று கவிதைகளைக் கற்றுவர வேண்டும். அவற்றுள் ஒன்று 25 அடிகளுக்கு மேற்படாததாகவும், ஒன்று இருபதாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். ஒரே கவிதை இவ்விரு நிபந்தனைகளையும் நிறைவு செய்யலாம். வேடம் புனைதலும் பொருள்களைக் கையில் ஏந்தி நடித்தலும் விலக்கப்பட்டுள்ளன. சொற்பிழைகளைக் குறிப்பதற்கெனத் தனி நடுவர் ஒருவர் இருக்கிறார். மறந்தால் எடுத்துக் கொடுப்பவர் ஒருவரும் இருக்கிறார். மற்ற நடுவர்கள் நிற்கும் நிலை, குரல், உச்சரிப்பு, பாடலுக்கு ஏற்ற வெளிப்பாடு ஆகியவற்றோடு, பொருள் உணர்ந்தமைக்கான சான்றையும் தனித்தலைப்பாகக் கொண்டு மதிப்பெண் இடுகின்றனர். இப்பிரிவினை நம் கவனத்திற்கு உரியது. பிழையின்மையை ஒருவர் பார்த்துக்கொள்வதால், மற்றவர்கள் பாட்டைப் பாட்டாகக் கேட்க இயலுகிறது.

நம் தாயகத்திலும் இவ்வெண்ணம் இல்லாமலில்லை. திருக்குறளின் 1330 பாக்களையும் ஒப்புவிக்கும் மாணாக்கருக்குத் தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறை பரிசு வழங்கி வருகிறது. அதற்கான அறிவிப்புகளில் பொருள் அறிந்திருத்தல் கூடுதல் தகுதியாகக் கூறப்படுவது உண்டு. நம் சங்கங்கள் அதனினும் ஓரடி முன்சென்று, கூடுதல் தகுதியை முதல் தகுதியாக்கிக் கொள்ளலாம் என்பதே என் வேண்டுகோள்.

அதற்கான திட்டம் ஒன்றைச் சுருங்கச் சொல்கிறேன். எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணாக்கர், இரண்டு செய்யுட்களைத் தேர்ந்துகொள்ளட்டும். ஒன்று பழந்தமிழ்ப் பாடல், மற்றொன்று இருபதாம் நூற்றாண்டுக் கவிதை. இரண்டும் சேர்ந்து முப்பது அடிகளுக்கு மேற்படவேண்டா. பாரதியார் பாடல்களும் பாரதிதாசன் பாடல்களும் நாட்டுடைமை ஆனவை. சங்கங்கள் தடையின்றி அச்சிட்டு வழங்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இலக்கியங்களின் மூலமும் உரையும் கிடைக்கின்றன. போட்டிக்கு ஆறு வாரம் முன்னதாகவே பாடலைச் சந்தி பிரித்தும், சீர் பிரித்தும் இருவகையாக அச்சிட்டு, ஒலிப்பதிவோடு பிள்ளைகளிடம் சேர்ப்பித்தல் வேண்டும். எதுகையும் மோனையும் எங்கு அமைந்துள்ளன என்று காட்டிவிட்டால், அடுத்த அடி தொடங்கும் எழுத்தை அவையே நினைவூட்டும். மனப்பாடச் சுமை பாதியாகக் குறையும்.

மேடையில் செய்யுளைச் சொன்னபின், ஒவ்வொரு மாணாக்கரும் அதன் கருத்தை இரண்டு நிமிடம் தம் சொந்தத் தமிழில் சொல்லட்டும். அத்தமிழ் வீட்டுத் தமிழாக இருக்கட்டும்; நடுவே பிறமொழிச் சொல் ஒன்றிரண்டு வந்தாலும் குறையில்லை. நூறு மதிப்பெண்ணில் பொருளுணர்வுக்கு 35, உச்சரிப்புக்கு 25, ஓசைக்கு 20, பிழையின்மைக்கு 20 என வகுத்துக் கொள்ளலாம். உடைக்கும் கையசைவுக்கும் மதிப்பெண் வேண்டா. ஒரு சொல் மறந்தால் எடுத்துக் கொடுக்க ஒருவர் இருத்தல் வேண்டும். அதற்காகப் பிள்ளையை மேடையிலிருந்து இறக்கிவிடுதல் தகாது. போட்டியிடும் பிள்ளையின் உறவினர் நடுவர் இருக்கையில் அமர்தலும் தகாது. குறித்த தரத்தை எட்டியவர் அனைவருக்கும் சான்றிதழும் நல்லதொரு தமிழ்நூலும் தருதல் சாலச் சிறந்தது.

போட்டி அமைப்பாளர் எவ்வளவு முயன்றாலும், பாட்டு தங்குமிடம் வீடே. மகன் மனப்பாடம் செய்யும்போது, “எங்கே, தப்பில்லாமல் சொல்” என்று மட்டும் கேளாமல், “இந்தச் சொல் உனக்கு எப்படித் தோன்றுகிறது?” என்றும் கேளுங்கள். உங்களுக்கே பொருள் தெரியாத சொல்லாயின் இருவருமாக அகராதியைப் புரட்டுங்கள். பாட்டியிடம் தொலைபேசியில் பேசும்போது, நலவிசாரிப்போடு நில்லாமல், பாடலைச் சொல்லிக் காட்டச் செய்யுங்கள். சொற்பொழிவு வழியாக இலக்கணம் கற்பித்தல் அரிது; பாட்டின் வழியே பிள்ளை வினைமுற்றையும் எச்சத்தையும் வேற்றுமையையும் தன்னை அறியாமலே கற்றுக்கொள்கிறது. சமையலறையில் வழங்காத சொற்கள் பல நூறு அதன் வழியாக அப்பிள்ளைக்கு உரிமையாகின்றன.

இன்று பதினைந்து வயதில் இருக்கும் பிள்ளை, இன்னும் பதினைந்து ஆண்டில் வேறொரு நகரில் தன் குழந்தையை மடியில் வைத்திருக்கக் கூடும். பரிசுக் கோப்பை அன்று எங்கோ பரணில் கிடக்கும். பொருளறிந்து நெஞ்சில் ஏற்றிய இருபது அடிகள் நாவில் இருக்குமாயின், அவற்றைத் தன் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க எவருடைய துணையும் அதற்கு வேண்டியதில்லை. செய்யுள் அன்றைக்கே உண்மையாக ஒப்புவிக்கப்பெற்றது ஆகும். நாம் நடத்தும் போட்டிகள் அந்நாளை நோக்கி அமைவனவாகுக.